வீட்டுக்குள் ஒரு சிற்றருவி

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் ஐந்தருவிச் சாலையில் கூட்டம் நிறைந்துவிடும். வருவோர் ஊர் திரும்பும்போது மங்குஸ்தான், ரம்புட்டான் பழங்களை வாங்கிச் செல்வது வழக்கம். அவர்களுக்கு விற்கத் தக்க மற்றொரு பொருள், மேசை மேல் வைக்கும் சிற்றருவித் தோட்டம். தென்காசி வட்டாரச் சிறு உழவர்கள் தென்னை நிழலிலேயே இதனைத் தயாரிக்கலாம்.

காட்டுச்செடி வேண்டாம்

அருவியோரப் பெரணியையும் பாசியையும் பெயர்த்து வைத்தால் செலவில்லை என்று தோன்றும். ஆனால் காப்புக்காட்டில் செடி எடுப்பது சட்டப்படி குற்றம். மேலும், சாரலில் வளர்ந்த அச்செடி வறண்ட ஊருக்குச் சென்றதும் கருகிவிடும். வாங்கியவர் மறுமுறை வரமாட்டார். 1829-ல் லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு, தம் தோட்டத்தில் பிழைக்காத பெரணி, மூடிய கண்ணாடிப் புட்டிக்குள் தானே முளைத்து வளர்வதைக் கண்டார். பெரணிக்கு உயிர் காற்றின் ஈரமே.

ஆகவே தாய்ச்செடிகளை நாற்றுப்பண்ணையில் வாங்கிப் பெருக்குவதே முறை. நெப்ரோலெபிஸ் பெரணியைத் தூர் பிரித்து நடலாம். சின்கோனியம், மணி பிளாண்ட் ஆகியவற்றைத் தண்டுத் துண்டுகளால் பெருக்கலாம். இவை மூன்றும் வீட்டுச் சூழலைத் தாங்கும். விற்பதற்கு 3 வாரம் முன்பிருந்தே தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பழக்க வேண்டும்.

தொட்டி அமைத்தல்

1.5 அடி நீளம், 1 அடி அகலம், 6 அங்குல உயரமுள்ள சிமெண்ட் தொட்டி போதும். குறுக்கே சிறு சுவர் எழுப்பி, மூன்றில் ஒரு பங்கை நீருக்கும் எஞ்சியதைச் செடிக்கும் ஒதுக்க வேண்டும். இரண்டும் கலந்தால் நீர் கலங்கும், வேர் அழுகும். செடிப் பகுதியில் வடிகால் துளை இட்டு, கீழே தட்டு வைக்க வேண்டும். புதுச் சிமெண்டின் காரம் செடிக்கும் மீனுக்கும் ஆகாது. எனவே தொட்டியில் நீர் நிரப்பி, நாள்தோறும் மாற்றி, 10 நாள் வரை ஊறவிட வேண்டும்.

செடிப் பகுதியில் 1 அங்குலம் சிறு ஜல்லி, அதன்மேல் மெல்லிய கரித்தூள், பிறகு 4 அங்குலம் மண் கலவை இட வேண்டும். மட்கிய தென்னை நார்க்கழிவு, செம்மண், மணல் ஆகியவற்றைச் சம அளவில் கலந்து, சிறிது மண்புழு உரமும் சேர்க்கலாம். நார்க்கழிவை முன்பே அலசி உப்பை நீக்குவது அவசியம்.

உடைந்த செங்கல்லையும் ஓட்டுச் சில்லுகளையும் படிப்படியாக அடுக்கிச் சிமெண்ட் பூசினால் அருவிப்பாறை தயார். மீன் தொட்டிக் கடைகளில் கிடைக்கும் 5 வாட் மோட்டார் நீரை மேலேற்றும். இரவு பகல் ஓடினாலும் 1 யூனிட் மின்சாரம் 8 நாள் வரும். மோட்டார் எப்போதும் நீரில் மூழ்கியிருக்க வேண்டும். தொட்டியில் கை வைக்குமுன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும்.

வாங்குவோருக்குச் சொல்ல வேண்டியவை

நேர் வெயில் படாத, வெளிச்சமுள்ள சன்னலோரம் ஏற்றது. மழைநீர் விட்டால் பாறையில் வெள்ளை உப்புப் படியாது. தேங்கிய நீரில் டெங்கு பரப்பும் கொசு ஒரு வாரத்திலேயே வளர்ந்துவிடும். எனவே வாரம் ஒருமுறை தொட்டியைத் தேய்த்துக் கழுவி நீரை மாற்ற வேண்டும். இக்குறிப்புகளை ஒரு தாளில் எழுதித் தொட்டியுடன் கொடுப்பது நல்லது.

முதலில் 5 தொட்டிகள் மட்டும் செய்து, ஒரு கோடைக்காலம் முழுவதும் தம் வீட்டில் வைத்துப் பார்க்கலாம். பங்குனி, சித்திரை வெயிலைத் தாங்கிய செடிகளையே சீசனில் விற்பனைக்கு வைக்க வேண்டும்.