கரும்பலகை தெரியாத பிள்ளை

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலாய கரையோர ஊர்களில், ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை அண்மித்துவிட்டால் வீடுகளில் வேறு பேச்சில்லை. தறியில் உழைப்பவரும் கடலுக்குச் செல்பவரும் பிரத்தியேக வகுப்புக் கட்டணத்துக்கென வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பணஞ் சேர்க்கின்றனர். 1945ஆம் ஆண்டில் கன்னங்கரா அவர்கள் கொணர்ந்த இலவசக் கல்வியின் அருமையை நம் மக்கள் நன்குணர்ந்துள்ளனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அதே பிள்ளையின் கண்ணிலும் இரத்தத்திலும் நாம் அத்துணை கரிசனை காட்டுகின்றோமா?

தேகசுகத்துக்கும் படிப்புக்கும் உள்ள உறவு வெறும் ஊகமன்று. நம் நாட்டில் மலேரியா பரவியிருந்த ஒரு பகுதியின் நான்கு பாடசாலைகளில் 587 சிறாரை வைத்து நடத்திய ஆராய்ச்சியொன்று 2006இல் வெளியாயிற்று. ஒன்பது மாதம் வாரந்தோறும் தடுப்பு மருந்து உண்ட பிள்ளைகள், மற்றையோரினும் மொழியிலும் கணிதத்திலும் ஏறக்குறைய 26 வீதம் கூடுதலாகப் புள்ளி பெற்றனர். இன்று அந்நோய் நம்மிடமில்லை. 2016இல் உலக சுகாதார நிறுவனமே இலங்கையை மலேரியாவற்ற நாடெனச் சான்று பகர்ந்தது. எஞ்சியிருப்பவை ஓசையின்றிக் கெடுக்குங் குறைகள்.

கிட்டப்பார்வையை எடுத்துக்கொள்வோம். உலகமே இப்படி மங்கலாகத்தான் இருக்குமென்று எண்ணும் பிள்ளை, தன் குறையை எவரிடம் சொல்லும்? பின் வாங்கிலிருந்து கரும்பலகையைப் பிழையாகப் பார்த்தெழுதும். உபாத்தியாயர் கவனமில்லை என்பார். வாப்பா மக்கு என்பார். பெண் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் கலியாணந் தட்டிப்போகும் என்பாரும் உளர். பார்வையின்றிப் படிப்புத் தட்டிப்போவது பற்றி அவர்கள் வாய் திறப்பதில்லை!

அடுத்தது இரத்தக் குறைவு. வைகறையில் ஓதப்பள்ளி, அதன்பின் பாடசாலை. இடையில் ஒரு கோப்பைத் தேயிலையும் இரண்டு விசுக்கோத்தும். சோறுண்ணும் வேளையிலும் தேயிலை அருந்தினால், உணவிலுள்ள இரும்புச் சத்து உடலிற் சேர்வது தடைப்படும். சத்துக் குறைந்த பிள்ளை சோர்ந்திருக்கும்; கேட்ட பாடம் மனத்தில் நில்லாது. நம் கடலிற் படும் சூடையும் கீரியும், வேலியோரத்து முருங்கையிலையும் இருக்க, உம்மாமார் விலையுயர்ந்த மாவுப் பேணிகளைத் தேடுவானேன்? கறியில் சிறிது தேசிக்காய் பிழிந்தால் கீரையின் சத்து இன்னும் நன்றாய்ச் சேரும்.

பாடசாலைகளில் முதலாம், நான்காம், ஏழாம், பத்தாந் தரங்களில் வைத்திய பரிசோதனை நடைபெறுகின்றது. மாணவர் இருநூறுக்குக் குறைந்த பாடசாலையாயின் எல்லாப் பிள்ளைகளையும் பார்ப்பர். உயரம், நிறை, பார்வை, பல் யாவும் சோதித்து, குறை கண்டவரைச் சிகிச்சைக்கு அனுப்புமாறு எழுதித் தருவர். சில வீடுகளில் அத்துண்டு புத்தகப் பையைவிட்டு வெளிவருவதேயில்லை. கல்முனையிலேயே இரண்டு பெரிய அரசாங்க வைத்தியசாலைகள் இருக்கையில் தூரத்தைக் காரணங் காட்டவும் இடமில்லை.

பெற்றோர் ஒன்றைக் கணக்கிட்டுப் பார்க்கட்டும். பரிசோதனை நான்காந் தரத்தில். பரீட்சை ஐந்தாந் தரத்தில். கண்ணாடி அணிந்து பழகவும், சூத்தைப் பல்லைச் சீர்செய்யவும், இரத்தம் ஊறவும் அவ்விடைக்காலம் போதுமானது.