உசேன் ஓன் எடுத்துக்கொண்ட நேரம்

1980 ஏப்ரல் 6. கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று சாய்த்து, மாஸ்கோ ஒலிம்பிக்கில் இடம் பிடித்தது மலேசியக் காற்பந்து அணி. கோல் காத்தவர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளுக்காக ரசிகர்கள் அவரை ‘ஸ்பைடர்மேன்’ என்றே கூப்பிட்டார்கள். அணி மாஸ்கோவுக்குப் போகவில்லை. சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததைக் கண்டித்து மலேசியா ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. அப்போதைய பிரதமர், எதற்கும் அவசரப்படாதவர் என்று பெயர் எடுத்த உசேன் ஓன்.

1922இல் ஜொகூர் பாருவில் பிறந்தவர். தாத்தாவும் அப்பாவும் ஜொகூரின் மந்திரி பெசார்கள், அதாவது முதலமைச்சர்கள். அப்பா ஓன் ஜாபார்தான் அம்னோ கட்சியைத் தோற்றுவித்தவர். மகன் டேராடூனில் ராணுவப் பயிற்சி பெற்று, இரண்டாம் உலகப்போரில் இந்திய ராணுவத்தோடு மத்திய கிழக்குக்குப் போனார். பிறகு லண்டனில் சட்டம் படித்தார். கோப்புகளை வரிவரியாகப் படித்து அடிக்கோடிடும் பழக்கம் அந்த வக்கீல் புத்தியோடு பொருந்திப்போனது. முடிவு தாமதமாகிறது என்று உடனிருந்தவர்களே முணுமுணுத்தார்கள்.

பிரதமர் துன் ரசாக் திடீரென்று காலமானதால் 1976 ஜனவரியில் பிரதமரானார். சைகோன் கம்யூனிஸ்டுகளிடம் வீழ்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அடுத்தது நாம்தானோ என்ற பயம் வட்டாரமெங்கும் இருந்தது. பிப்ரவரியில் பாலியில் கூடிய முதல் ஆசியான் உச்சநிலை மாநாட்டில் ராணுவக் கூட்டணி எதுவும் பிறக்கவில்லை. நட்புறவு ஒப்பந்தம்தான் கையெழுத்தானது. வியட்நாம் பின்னாளில் சேர நினைத்தால் சேரலாம் என்று கதவும் திறந்தே இருந்தது.

உண்மையான சோதனை கடல்வழியே வந்தது. திரங்கானு கரைக்கு அப்பால் உள்ள பிடோங் தீவின் பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர கிலோமீட்டர். 1979 ஜூனில் அங்கே சுமார் 40,000 வியட்நாமிய அகதிகள் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். உடைந்த படகுப் பலகை, தகரம், பிளாஸ்டிக் விரிப்பு என்று கிடைத்ததையெல்லாம் கட்டி, ஒன்றின்மேல் ஒன்றாகக் குடிசைகள். இனி வருகிறவர்களைச் சுடுவோம் என்று துணைப்பிரதமர் மகாதீர் சொன்னதாகச் செய்தி வந்ததும் உலகமே கொதித்தது. ‘ஷூட்’ இல்லை, ‘ஷூ’ என்று விரட்டுவதைத்தான் சொன்னார் என்றொரு சமாளிப்பு இன்றும் சிரிப்போடு பேசப்படுகிறது. உசேன் ஓன் ஐ.நா. பொதுச் செயலாளர் கூர்ட் வால்ட்ஹைமுக்கு விளக்கம் அனுப்பினார்: யாரையும் சுடமாட்டோம்.

சுடவில்லை, சரி. ஆனால் படகுகளைக் கட்டியிழுத்து நடுக்கடலில் விடுவது நடந்தது. பேச்சில் இருந்த நிதானம் கடலில் இருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதை அவருடைய அபிமானிகளும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்த நெருக்குதல் வேலை செய்தது என்பது சங்கடமான உண்மை. ஜூலையில் ஜெனீவாவில் கூடிய நாடுகள், அகதிகளுக்கு ஒதுக்கிய குடியேற்ற இடங்களை 1,25,000இலிருந்து 2,60,000ஆக உயர்த்தின.

வியட்நாம் படையெடுத்துப் பிடித்த கம்போடியா விவகாரத்தில் அவர் இன்னும் மெதுவாக நடந்தார். 1980 மார்ச்சில் இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோவைக் குவாந்தானில் சந்தித்தார். சீனாவை நினைத்து வியட்நாம் பயப்படுவதில் நியாயம் உண்டு; அந்தப் பயத்தைத் தணித்தால் அது சோவியத் பிடியிலிருந்து விலகும் என்பது இருவரின் கணக்கு. எல்லையிலேயே வியட்நாமியப் படையைப் பார்த்துக்கொண்டிருந்த தாய்லாந்துக்கு இது ரசிக்கவில்லை. ஜூனில் அந்தப் படை தாய்லாந்துக்குள்ளேயே நுழைந்தது. குவாந்தான் யோசனை அத்தோடு படுத்துவிட்டது.

இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு 1981 ஜூலையில் பதவி விலகினார் உசேன் ஓன், 1990இல் காலமானார். ஜொகூரில் பாரிட் ராஜாவில் உள்ள பல்கலைக்கழகம் அவர் பெயரில் இயங்குகிறது. ஆறுமுகம் 1988இல் சாலை விபத்தில் இறந்தார். மலேசியக் காற்பந்து அணி 1980க்குப் பிறகு ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவே இல்லை.