மாஸ்டர் கையில் மாவுக்கட்டு! பிள்ளைகளைக் காப்பது சிவப்பு மை நோட்டு!

(நமது நிருபர்)

சென்னை-

"மாஸ்டர் கை உடைஞ்சு போச்சே! இனிமே எங்களை யாரு பிடிப்பாங்க?"

வடசென்னையில் உள்ள ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்தில் சிறுமிகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்ட கேள்வி இது. போட்டிக்கு இன்னும் 5 வாரம்தான். மாஸ்டர் கையில் போட்ட கட்டோ 6 வாரத்துக்கு!

பாய்ந்து தாங்கினார்

பீமில் இருந்து அந்தர்பல்டி அடித்து இறங்கிய ஒரு சிறுமி நிலை தடுமாறினாள். கீழே நின்ற மாஸ்டர் பாய்ந்து தாங்கினார். சிறுமி தப்பினாள். மாஸ்டரின் மணிக்கட்டு முறிந்தது.

பீம் லேசுப்பட்ட சமாசாரம் அல்ல. நீளம் 5 மீட்டர், உயரம் 125 சென்டிமீட்டர். அகலம் 10 சென்டிமீட்டர், அதாவது அரை ஜாண்கூட இல்லை! அதன்மேல்தான் நடை, துள்ளல், கரணம் எல்லாம். கை கொடுக்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் நிற்கவேண்டும்.

"கூடத்தை மூடிடுங்க" என்றனர் சில பெற்றோர். "நானே பிடிக்கிறேன் சார்" என்று முன்வந்தார் ஒரு தகப்பனார். மாஸ்டர் இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை. தன்னிடம் பயின்று இப்போது உதவியாளராக இருக்கும் பெண்ணை அழைத்தார். பீரோவில் இருந்த நோட்டை எடுத்துக் கொடுத்தார்.

நோட்டில் என்ன?

பிள்ளைக்கு ஒரு பக்கம். எதைத் தனியாகச் செய்வாள், எதற்குக் கை கொடுக்கணும், கையை முதுகில் வைப்பதா தொடையில் வைப்பதா, எத்தனை மெத்தை, எத்தனை தடவை, பழைய கால் வலி என்று எல்லாம் இருக்கிறது. பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் ஒரு பட்டியல்: "நான் இல்லாத நாளில் செய்யக்கூடாதவை".

மாஸ்டர் கூறியதாவது:-

"என் தலைக்குள்ளேயே எல்லாம் இருந்தா, நான் ஆஸ்பத்திரியிலே படுத்த அன்னிக்குப் பிள்ளைங்க கதி என்ன? அதனாலேதான் தினமும் ராத்திரி எழுதிடுவேன்."

மின்ஸ்க் சோகம்

இந்தப் பயம் வீண் பயம் அல்ல. சோவியத் வீராங்கனை எலேனா முகினா 1978-ல் உலக சாம்பியன். 1979-ல் கால் முறிந்தது. 1980 ஜூலை 3-ந்தேதி, மாஸ்கோ ஒலிம்பிக் தொடங்க 16 நாள் இருந்தபோது, மின்ஸ்க் நகரில் பயிற்சி. அன்று அவரது கோச் அங்கே இல்லை. ஆபத்தான ஒரு கரணம் அடித்தார். கழுத்து முறிந்தது. அப்போது வயது 20. அதன் பிறகு அவர் எழுந்து நடக்கவே இல்லை. 2006-ல் இறந்தார். அந்தக் கரணம் பின்னால் பெண்களுக்குத் தடை செய்யப்பட்டது.

மார்க் குறையும், ஆனால்...

வடசென்னைக் கூடத்தில் பயிற்சி நிற்கவில்லை. விழப்போன சிறுமி இப்போது அந்தர்பல்டி இல்லாமல் எளிதாகக் குதித்து இறங்கப் பழகுகிறாள். போட்டியில் மார்க் குறையும். "குறைஞ்சா குறையட்டும் சார், புள்ளை முழுசா வீட்டுக்கு வந்தா போதும்" என்கிறார் தாயார்.

உங்கள் பிள்ளை போகும் கூடத்தில் இப்படி ஒரு நோட்டு இருக்கிறதா? நாளைக்கே கேளுங்கள்!