கடல் மீன் தொட்டிக்கு நுரை நீக்கி: குழாய்க் கடைப் பொருள்களைக் கொண்டே செய்யலாம்

மண்டபத்திலோ தூத்துக்குடியிலோ கடல் மீன் தொட்டி வைத்திருப்பவருக்குத் தண்ணீர் பெரிய செலவாக இராது. மதுரை, சேலம், கோயமுத்தூர் போன்ற உள்நாட்டு ஊர்களில் கோமாளி மீன் வளர்ப்பவரின் நிலைமை வேறு. அவர் கடல்நீரைக் கேன்களில் வண்டி வைத்து வரவழைக்க வேண்டும். இல்லையேல் கடையில் விற்கும் செயற்கைக் கடலுப்பை நல்ல தண்ணீரில் கரைத்துக்கொள்ள வேண்டும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம், 250 லிட்டர்த் தொட்டி ஒன்றுக்கு ஏறத்தாழ 9 கிலோ உப்பு பிடிக்கிறது. வாரந்தோறும் கால் பங்குத் தண்ணீரை மாற்றினால் 2 கிலோவுக்கு மேல் உப்பு வாராவாரம் சாக்கடைக்குப் போகிறது. உப்பளத்து உப்பை வாங்கிக் கரைத்துச் சமாளிக்கலாம் என்று எண்ணுவோர் உண்டு. அது பயன்படாது. உப்பளத்தில் நீர் வற்றும்போது, உப்பு படிவதற்கு முன்னரே சுண்ணாம்புச் சத்து ஜிப்சமாகப் படிந்துவிடுகிறது. மக்னீசியமோ கடைசியில் எஞ்சும் கசப்பு நீரோடு வெளியேறிவிடுகிறது.

செலவுக்கு அஞ்சித் தண்ணீரை மாற்றாமல் விட்டால் வரும் நஷ்டம் இன்னும் பெரிது. கோமாளி மீன்கள் அனைத்தும் முதலில் ஆணாகவே வளர்கின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறி, அடுத்த பெரியதோடு இணை சேர்கிறது. இணை சேர்ந்து முட்டையிடும் நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அப்படி வந்த தாய் மீன் இணையை ஒரே இரவில் கெட்ட நீருக்குப் பறிகொடுத்தவர், மீண்டும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தொட்டி நீர் கெடுவதற்கு மூல காரணம் தீவனம். மீன் தின்று கழித்த கழிவும், தின்னாமல் விட்ட மட்டி, இறால் துணுக்குகளும் நீரில் கரைந்து அழுகுகின்றன. அவற்றிலுள்ள புரதத்தைப் பாக்டீரியாக்கள் சிதைத்து அம்மோனியாவாக்குகின்றன. கடல்நீர் காரத்தன்மை உடையது. கார நீரில் அம்மோனியாவின் நஞ்சு கூடுதலாக வேலை செய்யும். சல்லி வடிகட்டியில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றிக் கேட்டைக் குறைக்கின்றன. ஆனால் இவையெல்லாம் புரதம் அழுகிய பிறகு நடப்பவை. அழுகுவதற்கு முன்பே புரதத்தின் ஒரு பகுதியை வெளியே எடுத்துவிடும் சாதனம்தான் நுரை நீக்கி. கடைக்காரர்கள் இதனைப் 'புரோட்டீன் ஸ்கிம்மர்' என்பார்கள்.

கரும்பு ஆலையில் வெல்லம் காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. கொப்பரையில் சாறு சூடேறும்போது அழுக்கு நுரையாகத் திரண்டு மேலே வரும். அதை அகப்பையால் வழித்து எறிவார்கள். அங்கே அழுக்கைத் திரட்டுவது சூடும் வெண்டைத் தண்டுச் சாறும். இங்கே அந்த வேலையைச் செய்வது காற்றுக் குமிழி. புரத மூலக்கூறின் ஒரு பக்கம் நீரை நாடும், மறு பக்கம் நீரை வெறுக்கும். ஆகவே நீரும் காற்றும் சந்திக்கும் விளிம்பில் போய் ஒட்டிக்கொள்வது அதன் இயல்பு. நீருக்குள் பொடிக் குமிழிகளை ஏராளமாக விட்டால் அத்தனை குமிழிகளின் மேற்பரப்பிலும் புரதம் ஒட்டிக்கொண்டு மேலேறும். மேலே குறுகிய கழுத்து ஒன்று இருந்தால் நுரை அதில் ஏறி, நீர் வடிந்து, அழுக்கு மட்டும் கோப்பையில் வழியும். நல்ல தண்ணீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துவிடுவதால் இந்த முறை அவ்வளவாகப் பலிப்பதில்லை. உப்பு நீரில் குமிழிகள் சேராமல் பொடியாகவே நிற்கின்றன. தங்க மீன் வளர்ப்பவர்கள் இதில் பணம் போட வேண்டியதில்லை.

விலை உயர்ந்த சாதனம் கூடுதலாக அழுக்கெடுக்கும் என்று எண்ணுவது இயல்பு. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியலார் 2009-இல் பலவகை ஸ்கிம்மர்களை ஒப்பிட்டுச் சோதித்தார்கள். நீரில் கரைந்திருந்த கரிமப் பொருளில் அவை நீக்கியது ஏறக்குறைய 20 முதல் 30 சதவீதமே. சாதனத்துக்குச் சாதனம் வேறுபாடு அதிகமில்லை. இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. கைவேலையாகச் செய்த ஸ்கிம்மரை மட்டமாக நினைக்க வேண்டியதில்லை. எந்த ஸ்கிம்மர் இருந்தாலும் தண்ணீர் மாற்றுவதை அடியோடு நிறுத்த முடியாது, குறைக்கத்தான் முடியும்.

செய்யும் முறை

4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டியில் ஏறத்தாழ 250 லிட்டர் நீர் பிடிக்கும். அதற்குப் பொருத்தமான அளவு இது. கழிவுநீர்க் குழாயாக விற்கும் 110 மி.மீ. பி.வி.சி. குழாயில் 90 செ.மீ. நீளத் துண்டு ஒன்று வேண்டும். 75 மி.மீ. குழாய் மலிவு என்றாலும், பாதிக்கும் குறைவான நீரே அதில் நிற்கும் என்பதால் சிக்கனம் பலன் தராது. குழாயின் அடியை மூடி போட்டுப் பசையால் ஒட்ட வேண்டும். அடியிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் துளையிட்டு ஓர் அங்குல டேங்க் நிப்பிள் பொருத்தினால் அது நீர் வெளியேறும் வழி. 65 செ.மீ. உயரத்தில் பொருத்தும் அரை அங்குல நிப்பிள் நீர் உள்ளே வரும் வழி. நீர் மேலிருந்து கீழே இறங்க, குமிழி கீழிருந்து மேலே ஏற, இரண்டும் எதிரெதிராகச் சந்திப்பதுதான் இந்த அமைப்பின் உயிர்நாடி.

வெளிவழி நிப்பிளில் எல்போ போட்டு ஓர் அங்குலக் குழாயைச் செங்குத்தாக மேலே கொண்டுபோய், சுமார் 75 செ.மீ. உயரத்தில் ஒரு 'டீ' செருக வேண்டும். டீயின் பக்க வாயிலிருந்து நீர் தொட்டிக்குத் திரும்பும். மேல் வாயைத் திறந்தே விட வேண்டும். அழகாக இருக்கட்டும் என்று அதை அடைத்தால், திரும்பும் நீர் சைபன் போல இழுத்துக் குழாய் முழுவதையும் காலியாக்கிவிடும். செங்குத்துக் குழாயைப் பசை போட்டு ஒட்டக் கூடாது. டெஃப்லான் டேப் சுற்றி இறுக்கமாகச் செருகினால் போதும். உள்நீர் மட்டத்தை நிர்ணயிப்பது இந்தக் குழாயின் உயரமே. இரண்டு மூன்று நீளங்களில் வெட்டி வைத்துக்கொண்டு மாற்றிப் பார்க்கலாம். குமிழி கலந்த நீர் கனம் குறைந்தது. எனவே உள்ளே நீர் மட்டம் வெளிக் குழாயின் மட்டத்தைவிடச் சில விரற்கடை உயர்ந்தே நிற்கும். இது தெரியாமல் இரண்டையும் சமமாக வைத்தவர்கள் வீட்டில் தரையெல்லாம் உப்பு நீர்தான்.

குழாயின் தலையில் 110-லிருந்து 75 மி.மீ.க்குக் குறுகும் ரெடியூசர் வரும். ரப்பர் வளையம் உள்ள வகையை வாங்கினால் ஒட்டாமலே நீர் கசியாது. வேண்டும்போது கழற்றவும் முடியும். அதன் மேல் 15 செ.மீ. நீளமுள்ள 75 மி.மீ. குழாய்த் துண்டுதான் நுரை ஏறும் கழுத்து. ஊறுகாய், மிட்டாய் விற்கும் பிளாஸ்டிக் ஜாடி ஒன்றின் அடியில் கழுத்து நுழையுமளவு துளையிட்டு, கழுத்தின் மேல் விளிம்பு ஜாடிக்குள் பாதி உயரத்துக்கு வருமாறு நிறுத்தி, சிலிக்கோன் பசையால் சுற்றி அடைத்தால் கோப்பை தயார். ஜாடி மூடியில் காற்று போக இரண்டு துளைகள் வேண்டும்.

குமிழிக்கு மணல் கல்லை உபயோகித்தால் குமிழி பருக்கனாக வரும். மரத்தாலான ஏர் ஸ்டோன் கேட்டு வாங்க வேண்டும். மரத்தின் நுண்துளைகள் வழியே வரும் காற்று பால் போல் வெண்மையான பொடிக் குமிழியைத் தரும். மரக்கட்டை மிதக்குமாதலால் நைலான் நூலால் ஒரு கூழாங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, அது வெளிவழிக்கு ஒரு சாண் மேலே நிற்குமாறு செய்ய வேண்டும். இரும்பு, ஈயம், பித்தளை எதுவும் நீரில் படக் கூடாது. பித்தளையிலிருந்து கரையும் செம்பு கடல் சாமந்தி போன்ற உயிர்களுக்கு நஞ்சு. காற்றுக் குழாயை 85 செ.மீ. உயரத்தில் பக்கவாட்டில் ஒரு சிறு துளை வழியே உள்ளே விட்டுத் துளையைச் சிலிக்கோனால் அடைக்க வேண்டும். சிறு தொட்டிகளுக்கான காற்றுப் பம்ப் இந்த ஆழத்தில் திணறும். ஒரு மீட்டர் ஆழத்துக்கும் காற்றைத் தள்ளக்கூடியது அவசியம். மின்சாரம் நின்றால் நீர் காற்றுக் குழாய் வழியே திரும்பிப் பம்புக்குள் புகும். ஆகவே பம்பைக் கோப்பையைவிட உயரத்தில் மாட்டுவது நல்லது.

பெரிய மோட்டார் வேண்டாம்

உள்ளே நீர் ஏற்ற ஒரு சிறு நீர்மூழ்கி மோட்டார் போதும். ஏர்கூலர் மோட்டாரின் இரும்புப் பாகங்கள் உப்பு நீரில் துருப்பிடிக்குமாதலால், மீன் தொட்டிக்கென்றே விற்பதை வாங்க வேண்டும். இந்த இடத்தில்தான் பலரும் ஆசைப்பட்டுப் பெரிய மோட்டாராகப் போடுகிறார்கள். குழாயில் நிற்பது 6 லிட்டருக்குச் சற்றே கூடுதலான நீர். மணிக்கு 240 லிட்டர் வீதம் செலுத்தினால் நீர் உள்ளே ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் தங்கிக் குமிழியோடு பழகும். மணிக்கு 1000 லிட்டர் செலுத்தினால் அரை நிமிடம்கூடத் தங்காது. கீழ்நோக்கி ஓடும் வேகத்தில் பொடிக் குமிழிகள் தொட்டிக்குள் அடித்துச் செல்லப்படும். அளவு பார்ப்பது எளிது. 10 லிட்டர் வாளி நிறைய இரண்டரை நிமிடம் ஆகுமாறு வால்வைத் திருகி வைத்தால் போதுமானது.

மோட்டாரைத் தொட்டியின் அடியில் போடாமல், நீர்மட்டத்திலிருந்து இரண்டு அங்குல ஆழத்தில் மாட்ட வேண்டும். புரதம் மேற்பரப்பை ஒட்டியே அதிகம் சேர்கிறது என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் பாதுகாப்பு. வெளிவழி அடைத்துக்கொண்டால் நீர் கோப்பை வழியே தரைக்கு வழியும். இந்தத் தொட்டியில் ஓர் அங்குல நீர் என்பது 14 லிட்டர். மோட்டார் மேலே இருந்தால் 28 லிட்டரோடு நஷ்டம் நின்றுவிடும். அடியில் இருந்தால் காலையில் மீன்கள் வெறும் சல்லியில் கிடக்கும். மேலே மாட்டினால் ஆவியாகும் நீரை அன்றாடம் ஈடு செய்வது கட்டாயம். அதற்கு நல்ல தண்ணீரையே ஊற்ற வேண்டும், உப்பு ஆவியாவதில்லை. கோப்பைக்குப் போகும் நீரோடு மட்டும் கொஞ்சம் உப்பும் போகுமாதலால், ஹைட்ரோமீட்டரில் 1.022-க்கும் 1.025-க்கும் இடையே இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். மின்கசிவைத் துண்டிக்கும் சுவிட்ச் இல்லாத இணைப்பில் இவற்றைச் சொருகுவதும், மோட்டார் ஓடும்போது தொட்டியில் கை விடுவதும் உயிருக்கு ஆபத்து.

ஓடத் தொடங்கிய பின்

பசை ஒட்டி ஒரு நாள் காய்ந்த பின், குழாயைப் பலமுறை கழுவி, குழாய்த் தண்ணீரில் ஓடவிட்டுக் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதில் நுரை எழும்பாது. அதுகண்டு சோர்வடைய வேண்டாம். கடல்நீரில் வைத்த பின்னும் முதல் ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம் வரை நுரை சரியாக நிற்பதில்லை. புதுக் குழாயின் எண்ணெய்ப் பசையும் சிலிக்கோனும் கரைந்து போகும்வரை பொறுக்க வேண்டும். கொழுப்புள்ள மட்டிச் சதையைத் தீவனமாக இட்ட சில மணி நேரமும் நுரை அமுங்கிவிடும். அரைத்த சதையைச் சுத்தமான கடல்நீரில் அலசியபின் இட்டால் இது குறையும், தண்ணீரும் கெடாது.

கோப்பையில் சேர்வது வெளிறிய நீராக இருந்தால் மட்டம் கூடுதல் என்று பொருள். செங்குத்துக் குழாயைச் சிறிது குட்டையாக்க வேண்டும். நுரை கழுத்திலேயே காய்ந்து நின்றால் குறைவு. நாட்பட்ட தேநீர் டிகாஷன் நிறத்தில், மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றத்தோடு சேர்ந்தால் சரியாக வேலை செய்கிறது. கழுத்தின் உட்புறம் படியும் கொழுப்பு நுரையை உடைத்துவிடும். வாரம் இருமுறை சோப்பு இல்லாமல் துடைக்க வேண்டும். மர ஏர் ஸ்டோன் நாலைந்து வாரங்களில் அடைத்துக்கொள்ளும். குமிழி பெருக்கத் தொடங்கியதுமே மாற்றிவிடுவது சிக்கனம். அடைத்த கட்டையோடு ஓடவிட்டால் காற்றுப் பம்பின் ரப்பர் சீக்கிரம் கிழியும்.

வீட்டுக் கூடத்தில் ஒரே தொட்டி வைத்திருப்பவர், அடக்கமாகத் தொட்டிக்கு உள்ளேயே மாட்டும் கடைச் சாதனத்தை வாங்கிக்கொள்வது மேல். ஆளுயரத்துக்கு நிற்கும் வெள்ளைக் குழாயைப் பார்த்துக்கொண்டிருக்க வீட்டில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். கொல்லைப்புறக் கொட்டகையில் ஏழெட்டுத் தொட்டிகளில் தாய் மீன் வைத்திருப்பவருக்கே இந்தக் கைவேலையின் பயன் முழுமையாகக் கிடைக்கும்.

அவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் கோமாளி மீன் இனங்கள் பலவற்றைப் பொரிப்பகத்திலேயே பெருக்கும் முறைகளை வகுத்திருக்கிறது. அம்முறைகளில் பொரித்த குஞ்சுகளுக்கு முதல் உணவு, கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் ரோட்டிஃபர்களே. குஞ்சுத் தொட்டியில் ஸ்கிம்மரை ஓட்டினால் ரோட்டிஃபர்களையும் அவற்றுக்கு உணவான நுண்பாசியையும் நுரையோடு அள்ளிப்போட்டுவிடும். குஞ்சுகள் பட்டினியால் மடியும். தாய் மீன் தொட்டியோடும் வளர்ந்த குஞ்சுத் தொட்டியோடும் இதை நிறுத்திக்கொள்ள வேண்டும். மருந்து இடும் நாள்களிலும் ஸ்கிம்மரை நிறுத்தி, காற்றுக்கு மட்டும் வேறு ஏற்பாடு செய்வது முறை.

கோப்பையில் சேரும் கழிவைச் செடிகளுக்கு ஊற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. உப்பைத் தாங்கும் தென்னைக்கு ஒரு குவளை ஊற்றுவதால் கெடுதல் இல்லை. கீரைப் பாத்திப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.