சயாம் தேசத்துக் குழம்பும் மட்டாஞ்சேரி நாவும்

ஆளுக்கு ஒரு நாக்கு. நாக்குக்கு ஒரு ருசி. இவ்வுண்மையை மெய்ப்பிக்க மட்டாஞ்சேரியைப் போன்ற ஊர் வேறு உண்டா என்பது ஐயமே. ஒரு தெருவில் கொங்கணியர் வீட்டுத் தாளிப்பு மணக்கிறது. அடுத்த தெருவில் குஜராத்தியர் கடையில் இனிப்பு கிண்டுகிறார்கள். அப்பால் கச்சி மேமன்களின் பிரியாணி. 1568ஆம் ஆண்டில் கட்டப்பட்ட யூத ஆலயத்தைச் சுற்றி மிளகும் சுக்கும் மணத்த கிடங்குகள். தலைமுறைகளாகச் சலவைத் தொழில் புரியும் தமிழ்க் குடும்பங்களும், வாணிபத்துக்கும் உத்தியோகத்துக்கும் வந்து தங்கிவிட்ட நம்மவரும் இவ்வூரிலேதான் அடுப்பு மூட்டி வாழ்கிறோம்.

இத்தகைய ஊரில் அண்மையில் புதிதாக ஒரு தாய்லாந்து உணவு விடுதி தோன்றியுள்ளது. சயாம் என்று நம் முதியோர் சொல்லும் தேசமே தாய்லாந்து. 1939ஆம் ஆண்டில் அந்நாடு தன் பெயரை மாற்றிக்கொண்டது. விடுதியைப் பற்றிய குறைகளும் இக்கட்டுரையில் வருவதால் அதன் பெயரைக் குறிப்பிடாது விடுகிறோம். “போகலாமா? காசுக்குத் தகுமா? சைவர்களுக்கு ஏதேனும் கிடைக்குமா?” என்று சங்கத்து அன்பர்கள் பலர் கேட்டமையால், சென்று வந்தவர்களின் அபிப்பிராயங்களைத் திரட்டினோம், நாமும் இருமுறை சென்று உண்டு பார்த்தோம்.

பலர் பலவிதம்

பலசரக்குக் கடை அண்ணாச்சி ஒருவர் முதலில் தீர்ப்புக் கூறினார். “குழம்பில் சர்க்கரை போட்டிருக்கிறான். பாயசமா, குழம்பா என்று தெரியாமல் பாதியில் எழுந்து வந்துவிட்டேன்” என்றார் அவர். அவருடைய மகளோ அதே பச்சைக் குழம்பை மூன்று முறை சென்று உண்டிருக்கிறாள். “நம் வீட்டுச் சொதிதான் அப்பா, கொஞ்சம் வேறு வாசனை” என்பது அவள் கட்சி.

மற்றொரு நண்பருக்குத் ‘தொம் யம்’ என்னும் புளிப்புச் சாற்றில் மனத்தாங்கல். அதில் கிடந்த தண்டுகளையும் வேர்த்துண்டுகளையும் பல் நோக மென்றுவிட்டு, “விறகைப் போட்டு விலை வாங்குகிறார்கள்” என்று சினந்தார். அவை மணத்துக்காக இடப்பட்டவை. ஒதுக்கிவிட்டுச் சாற்றை மட்டும் பருக வேண்டும் என்பதை எவரும் அவருக்குச் சொல்லவில்லை. நம் வீட்டு விருந்தில் ஒரு வெளியூரான் முருங்கைக்காயைச் சக்கையோடு விழுங்கினால் குற்றம் யாருடையது?

பச்சைப் பப்பாளிக்காயைச் சீவி உரலில் இடித்துச் செய்யும் ‘ஸோம் தம்’ இளைஞர்களுக்குப் பிடித்துவிட்டது. கருவுற்ற மருமகளை அழைத்துச் சென்ற மாமி ஒருவரோ, பப்பாளிக்காயின் பெயரைக் கேட்டதும் தட்டை அப்புறப்படுத்தச் சொன்னாராம். துளசியிலையை இறைச்சியோடு வறுத்துப் பரிமாறும் பண்டத்தைக் கண்டு மனம் புண்பட்டவர்களும் உண்டு. நாம் மாடத்தில் வைத்துத் தொழும் துளசி அந்நாட்டில் சமையற் கீரை. இதில் நிந்தனை ஏதும் இல்லை. வழக்கம் வேறு, அவ்வளவே.

பாங்காக் சென்று மீண்ட நண்பர் ஒருவர் வேறொரு குறை சொன்னார். “இது அசலே அல்ல. காரம் பாதிதான்; கறிவேப்பிலை வேறு மிதக்கிறது” என்றார் அவர். காரம் போதாதென்று அவரும், காரம் தாளவில்லை என்று அவர் மனைவியாரும் ஒரே மேசையில் வாதிட்டதை நாமே கேட்டோம். விலையைப் பற்றி மட்டும் எல்லோரும் ஒருமுகமாக நின்றனர். ஒரு கிண்ணக் குழம்பின் விலையில் வீட்டில் நால்வர் வயிறார உண்ணலாம் என்பது மறுக்கவொண்ணாத கணக்கு.

அறிமுகமான சரக்குகளே

இப்பண்டங்களில் சேரும் பொருள்கள் நமக்கு அந்நியமானவையா என்று ஆராய்ந்தால் வியப்பே மிஞ்சுகிறது.

முதலாவது எலுமிச்சைப்புல். இப்புல்லிலிருந்து வடிக்கும் தைலத்துக்கு உலகச் சந்தையில் ‘கொச்சி எண்ணெய்’ என்றே பெயர் வழங்கிற்று. அவ்வளவு தைலம் நம் துறைமுகத்தின் வழியே கப்பலேறியது. பெரும்பாவூரை அடுத்த ஓடக்காலியில் இப்புல்லுக்கென்றே 1951ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. தைலத்துக்குரிய நம் புல்லும், சமையலுக்கு அவர்கள் நறுக்கும் தண்டு பருத்த புல்லும் நெருங்கிய உறவுடைய இரு வகைகள். நாம் வடித்து ஏற்றுமதி செய்ததை அவர்கள் நசுக்கிக் குழம்பில் இட்டார்கள்.

இரண்டாவது பேரரத்தை. நாட்டு மருந்துக் கடையில் இருமலுக்கும் சளிக்கும் நாம் வாங்கும் அதே கிழங்கு. “மருந்து வாடை அடிக்கிறது” என்று நம்மவர் பலர் முகம் சுளித்ததன் காரணம் இதுவே. குழந்தைப் பருவத்தில் கஷாயமாக விழுங்கியதை முதுமையில் குழம்பில் கண்டால் நாக்கு வேறென்ன சொல்லும்?

மூன்றாவது அவர்கள் நாட்டு எலுமிச்சை வகை ஒன்றின் இலை. நாரத்தை இலையை இடித்து வேப்பிலைக்கட்டி செய்யும் வீடுகளில் இம்மணம் புதிதன்று. தேங்காய்ப்பாலும் புளியும் பனைவெல்லமும் நாம் அறியாதவையா?

மிளகாயின் கதை இன்னும் சுவையானது. அது அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துகேயர் வழியாகக் கிழக்குத் திசைக்கு வந்தது. அவர்கள் கொச்சிக்கு வந்தது 1500ஆம் ஆண்டு. மலாக்காவைக் கைப்பற்றிச் சயாமின் அயுத்தியா நகருக்குத் தூது அனுப்பியது 1511ஆம் ஆண்டு. அதற்கு முன்னர் இரு நாட்டாருக்கும் காரம் தந்தது மிளகே. இன்றைக்கும் தாய் மொழியில் மிளகுக்குப் பெயர் ‘பிரிக் தாய்’. அதாவது ‘தாய் நாட்டுக் காரம்’. பச்சை மிளகைக் கொத்தோடு குழம்பில் இடுவதும் அவர்கள் வழக்கம். நாம் அதை உப்புநீரில் ஊறவைத்துத் தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிறோம். மிளகு வாணிபத்துக்கென 1957ஆம் ஆண்டிலேயே சங்கம் கண்ட மட்டாஞ்சேரிக்கு இந்த ருசியை ஒருவர் கற்பிக்க வேண்டியதில்லை.

மலபார் முஸ்லிம் திருமணங்களில் முட்டைக் கருவைப் பாகில் நூலாக இழைத்துச் செய்யும் ‘முட்டமாலை’யும், சயாமில் ‘ஃபோய் தோங்’, அதாவது பொன்னிழை என வழங்கும் இனிப்பும் ஒன்றுபோலவே இருக்கக் காரணமும் போர்த்துகேயர்தாம்.

அசல் எது?

“அசல் அல்ல” என்ற நண்பருக்கு ஒரு வார்த்தை. உலகெங்கும் தாய்லாந்தின் சின்னமாக விளங்கும் ‘பாத் தாய்’ என்னும் வறுத்த சேமியா பண்டைய உணவு அன்று. 1930களின் இறுதியிலும் 1940களிலும் பிரதமர் பிபுன் சோங்க்ராம் தேசிய உணர்ச்சியை வளர்க்கும் பொருட்டுப் பரப்பிய பண்டம் அது. சேமியாவை வாணலியில் வறுக்கும் முறை சீனரிடமிருந்து வந்தது. 2002ஆம் ஆண்டில் தாய்லாந்து அரசாங்கமே அயல்நாடுகளில் தன் உணவு விடுதிகளைப் பெருக்கத் திட்டம் வகுத்தது. இந்தியாவில் அதற்கு முன்பே, 1993ஆம் ஆண்டில், பம்பாயின் பிரெசிடெண்ட் ஹோட்டலில் ‘தாய் பெவிலியன்’ தொடங்கி, ஆனந்த சாலமன் என்னும் சமையற் கலைஞரால் புகழ்பெற்றது. எந்நாட்டு உணவும் கடல் கடந்தால் அவ்வூர் நீருக்கும் நாக்குக்கும் இசைந்தே நிற்கும். கொச்சியில் நாம் வைக்கும் சாம்பாரில் தேங்காய் கூடிப்போனதை நம் பாட்டிமார் அசல் என்று ஒப்புவார்களா?

நம் மக்களுக்கும் சயாமுக்கும் பழைய தொடர்பும் உண்டு. தென் தாய்லாந்தின் தகுவா பா பகுதியில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அங்கே வெட்டப்பட்ட ஒரு குளத்தை மணிக்கிராமத்தாரின் பாதுகாப்பில் விட்ட செய்தியைக் கூறுகிறது. அதே மணிக்கிராமத்தார் கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலும், 849ஆம் ஆண்டளவில், காணப்படுகின்றனர். பாங்காக்கின் சீலோம் வீதியில் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயில் இன்றும் விளங்குகிறது. துயரத் தொடர்பும் உண்டு. 1942, 43ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு இட்ட 415 கிலோமீட்டர் இருப்புப்பாதையில், மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் மாண்டனர். இருப்புப்பாதை உத்தியோகத்தில் உள்ள நாம் அதை எண்ணாமல் சயாம் என்ற சொல்லைக் கடந்து செல்ல முடிவதில்லை.

சைவர்களுக்கு

இனி, அன்பர்கள் மிகுதியும் கேட்ட கேள்விக்கு வருவோம். தாய்லாந்துச் சமையலில் உப்புக்குப் பதிலாகப் பெரும்பாலும் இடுவது ‘நாம் பிளா’. ‘நாம்’ என்றால் அவர்கள் மொழியில் நீர். ‘பிளா’ என்றால் மீன். நெத்திலி போன்ற சிறு மீன்களை உப்பிட்டுப் பல மாதங்கள் ஊறவைத்து வடிக்கும் நீர் அது. குழம்புக்கு அரைக்கும் மசாலையிலேயே இறால் விழுது சேர்வதும் வழக்கம். ஆதலின் காய்கறிகள் மட்டுமே மிதக்கும் குழம்பு சைவம் என்று நம்பிவிடலாகாது. “மீன் இல்லை” என்று சொல்வதோடு நில்லாமல், “மீன் நீரும் இறால் விழுதும் இல்லாத மசாலையா?” என்று கேட்டறிய வேண்டும். நாம் சென்ற முதல் நாள் எவரும் திட்டமாக விடை சொல்லவில்லை. இது அவ்விடுதியின் பெருங்குறை. இரண்டாம் முறை தனி மசாலை அரைத்து வைத்திருந்தனர். முழுச் சைவ உணவுக்கு அந்நாட்டிலேயே ‘ஜே’ என்று தனிப்பெயர் உண்டு. அதில் பூண்டும் வெங்காயமும்கூடச் சேரா. நிலக்கடலை பல பண்டங்களில் தூவப்படுவதால், அது ஒவ்வாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவது நன்று.

இன்னொரு குறிப்பு. அந்நாட்டார் ஆளுக்கொரு பண்டம் வாங்கித் தனித்தனியே உண்பதில்லை. புளிப்பு, காரம், இனிப்பு, உப்பு என்று நாலைந்து பண்டங்களை நடுவில் வைத்து, சோற்றோடு எல்லோரும் பகிர்ந்து உண்பர். அண்ணாச்சி இனிப்புக் குழம்பை மட்டும் வாங்கினார். நண்பர் புளிப்புச் சாற்றை மட்டும் வாங்கினார். இருவரும் ஒரே மேசையில் அமர்ந்திருந்தால் இருவருக்கும் உணவு பிடித்திருக்கும், செலவும் குறைந்திருக்கும்.

சொல்லாமல் விடக்கூடாத ஒன்று

முதல் நாள் நம்மோடு வந்தவர்களில் ஒருவர், பரிமாறிய பிள்ளையைக் கண்டு, “சீனாக்காரனுக்குச் சாம்பார் தெரியுமா?” என்று உரக்கக் கேட்டார். மேசையில் சிரிப்பு எழுந்தது. அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனான்.

இரண்டாம் முறை சென்றபோது அவனோடு பேசினோம். அவன் சீனனும் அல்லன், தாய்லாந்தினனும் அல்லன். மணிப்பூரைச் சேர்ந்த இந்தியன். 2023 மே மாதம் அங்கே கலவரம் மூண்ட பின்னர் வீட்டை இழந்து வேலை தேடிக் கொச்சிக்கு வந்தவன். “மீன் நீர் வாடை உனக்குப் பழகிவிட்டதா?” என்று கேட்டோம். “எங்கள் வீட்டில் அம்மா புளித்த மீன் போட்டுத்தான் சமைப்பார், சேட்டா. இந்த வாசனை வந்தால் ஊர் ஞாபகம் வரும்” என்று தனக்குத் தெரிந்த மலையாளத்தில் சொன்னான்.

அன்று கேலி செய்தவர் நம் உற்ற நண்பர். இவ்வூர்ப் பள்ளியில் படித்த காலத்தில் ‘பாண்டி’ என்று பிள்ளைகள் தம்மைக் கூப்பிட்டதையும், பொட்டலத்தை மூடி மறைத்துக்கொண்டு மதிய உணவு உண்டதையும் கண்கலங்க நம்மிடம் பலமுறை கூறியவர். அவர் மறந்துவிட்டார். அவரை மட்டும் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. அன்று அந்த மேசையில் நாமும் வாய் திறக்கவில்லை.

ஆகவே விடுதியைப் பற்றிய நம் அபிப்பிராயம் இதுவே. பச்சைக் குழம்பு நன்று, பப்பாளிக்காய்ப் பண்டம் மிக நன்று, சாறு சுமார், விலை மிகுதி, சைவர்கள் கேட்டறிந்து உண்க. மாதம் ஒருமுறை நால்வராகச் சென்று பகிர்ந்து உண்டால் பணம் வீண் என்று தோன்றாது. பிடிக்காதவர்கள் பிடிக்கவில்லை என்று தாராளமாகச் சொல்லலாம். காசு கொடுத்தவர்க்கு அவ்வுரிமை உண்டு. குழம்பைக் குறை சொல்லும் உரிமை பரிமாறுகிறவன் முகத்தைக் குறை சொல்லும் உரிமை ஆகாது. பிழைக்க வந்த ஊரில் அடுப்பு மூட்டியவர்களின் பிள்ளைகள் நாம். அடுத்த முறை செல்லும் அன்பர்கள் அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்டு, பெயர் சொல்லி அழைப்பார்களாக. நாமும் அவ்வாறே செய்ய உறுதி பூண்டுள்ளோம்.