எழுதப்படாத குத்தகை

அவிநாசிபாளையம் பகுதியில் நிலம் ஒருவருடையது, உழைப்பு மற்றொருவருடையது என்பது புதிதன்று. உரிமையாளர் திருப்பூர் பின்னலாடைத் தொழிலுக்குச் சென்றுவிட, அவரது தோட்டத்தில் வேறொருவர் சோளமோ காய்கறியோ விளைவிக்கிறார். குத்தகை பெரும்பாலும் வாய்மொழியே.

காரணம் அச்சம். குத்தகையை ஒழுங்காகச் செலுத்தித் தாமே பாடுபட்டுப் பயிரிடுபவரை உரிமையாளர் விருப்பப்படி வெளியேற்ற முடியாது என்கிறது, 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். எளியவரைக் காக்க வந்த சட்டமே, எழுதிக் கொடுத்தால் நிலம் திரும்பாது என்ற தயக்கத்தையும் வளர்த்துவிட்டது.

இழப்பு பயிரிடுபவருக்கே. சான்று இல்லாததால் பயிர்க்கடனும் காப்பீடும் எளிதில் கிட்டுவதில்லை. பிஎம் கிசான் திட்டத்தின் ஆண்டுக்கு ரூ.6,000 நிலவுடைமைக் குடும்பங்களுக்கு மட்டுமே உரியது.

ஆந்திரம் 2019இல் 11 மாத ஒப்பந்தத்தைச் சட்டமாக்கியது. அதன்படி விளைச்சல் மீதே உரிமை. நிலத்தின் மீது இல்லை. ஆயினும் உரிமையாளரின் கையொப்பம் தேவைப்பட்டதால் அங்கும் தயக்கம் தீரவில்லை.

பழைய பாதுகாப்பைக் கைவிடுமாறு நான் கூறவில்லை. அடங்கலில் பயிரைக் குறிக்கும் கிராம நிர்வாக அலுவலர், பருவந்தோறும் பயிரிடுபவர் பெயரையும் குறிக்கட்டும். அது கடனுக்கும் நிவாரணத்துக்கும் மட்டுமே சான்று எனச் சட்டம் உறுதியளித்தால், இருவர் அச்சமும் நீங்கும்.