மலை ஏற மறுத்த ரயில்!

சமையலறையிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து வாருங்கள். தட்டைக் கவிழ்த்து, அதன் மேல் ஓர் அழிரப்பரையும் ஒரு ரூபாய் நாணயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இப்போது தட்டின் ஒரு பக்கத்தை மெதுவாக, மிக மெதுவாகத் தூக்குங்கள். எது முதலில் சறுக்குகிறது?

நாணயம்தான்! அழிரப்பர் தட்டைப் பிடித்துக் கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான், நண்பர்களே. பஸ்ஸின் டயர் ரப்பர். அது சாலையை இறுகப் பிடித்துக் கொள்ளும். ரயிலின் சக்கரம் இரும்பு, தண்டவாளமும் இரும்பு. இரும்பின் மேல் இரும்பு மிகக் குறைந்த தடையோடு உருண்டு ஓடுவதால்தான், ஒரே ஒரு எஞ்சினால் அத்தனை பெட்டிகளையும் இழுக்க முடிகிறது. ஆனால் இரும்பின் மேல் இரும்புக்குப் பிடிமானமும் குறைவு. மலையில் அதுவே சாபமாகி விடுகிறது. ஆயிரம் மீட்டர் தூரத்துக்கு 25 மீட்டர் உயர்ந்தாலே ரயிலுக்கு அது கடும் ஏற்றம்!

அப்படியானால் ரயில் எப்படி மலையைக் கடக்கும்?

பல்லால் பிடித்து ஏறும் ரயில்

முதல் வழி உங்களுக்குத் தெரிந்ததுதான். நம் ஊட்டி மலை ரயில்! மேட்டுப்பாளையம் 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேலே. இடையில் இருக்கும் பாதை வெறும் 46 கி.மீ. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே, 12 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரும் அளவுக்குச் செங்குத்தான இடங்கள் உண்டு. அங்கே தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை பதித்திருக்கிறார்கள். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பற்சக்கரம் அந்தப் பற்களைக் கவ்விக் கவ்வி மேலே ஏறும்.

இந்தப் பற்சக்கர முறையை உருவாக்கியவர் ரோமன் ஆப்ட் என்ற பொறியாளர். அவர் சுவிட்சர்லாந்து நாட்டுக்காரர். நம் மலை ரயிலின் பழைய நீராவி எஞ்சின்கள் பலவும் அந்நாட்டின் விண்டர்துர் நகரில் செய்யப்பட்டவையே. சுவிட்சர்லாந்தின் பெரும்பகுதி மலைகள்தான். அதனால் மலை ஏறும் வித்தையில் அவர்கள் கில்லாடிகள்!

ஆனால் இந்த வழியில் ஒரு குறை இருக்கிறது. பல்லைப் பிடித்து ஏறும் ரயில் ஆமை வேகத்தில்தான் போகும். செங்குத்தான இடத்தில் ஊட்டி ரயிலின் வேகம் அதிகபட்சம் மணிக்கு 13 கி.மீ.தான். சுற்றுலாப் பயணிகளுக்கு இது ஜாலி. ஆயிரம் டன் சரக்கை ஏற்றிக் கொண்டு அவசரமாகப் போகும் ரயிலுக்கு?

மூன்று முறை தெரியும் தேவாலயம்

அதற்காகக் கண்டுபிடித்த இரண்டாவது வழிதான் சுற்றிச் சுற்றி ஏறுவது. ஆல்ப்ஸ் மலைத்தொடரில் கோட்ஹார்ட் என்று ஒரு மலைப்பகுதி இருக்கிறது. வட ஐரோப்பாவிலிருந்து இத்தாலிக்குப் போகும் முக்கிய வழிகளில் ஒன்று அதைத் தாண்டித்தான் போகிறது. 1882-ஆம் ஆண்டு அங்கே ரயில் ஓடத் தொடங்கியது. ஏற்றத்தைக் குறைப்பதற்காகப் பாதையை நீளமாக்கினார்கள். மலைக்குள்ளேயே வட்டமாகச் சுரங்கம் தோண்டி, ரயில் ஒரு சுற்றுச் சுற்றி, நுழைந்த இடத்துக்கு மேலே வெளியே வரும்படி செய்தார்கள்.

வழியில் வாசன் என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு வெள்ளைத் தேவாலயம். ரயிலில் போகிறவர்கள் முதலில் அதை அண்ணாந்து பார்ப்பார்கள். சிறிது நேரம் கழித்து அதே தேவாலயம் கண்ணுக்கு நேராக வரும். இன்னும் சிறிது நேரத்தில் கீழே, பள்ளத்தில் தெரியும்!

இப்படி 1,100 மீட்டர் உயரத்துக்கு ஏறிய பிறகு, 15 கி.மீ. நீளமுள்ள ஒரு சுரங்கத்தின் வழியே மறுபக்கம் போக வேண்டும்.

தகரப் பெட்டியில் ஒரு புகைப்படம்

அந்தச் சுரங்கத்தைத் தோண்டியது பெரும் சோகக் கதை. வேலை 1872-இல் தொடங்கியது. பொறுப்பேற்றவர் லூயி ஃபாவ்ர். அன்று இராட்சத இயந்திரங்கள் இல்லை. அழுத்தப்பட்ட காற்றினால் இயங்கும் துளைப்பான்களால் பாறையில் ஓட்டை போடுவார்கள். அதில் டைனமைட்டைத் திணித்து வெடிப்பார்கள். உள்ளே புகை, வெப்பம், முழங்கால் அளவுத் தண்ணீர். பாறை விழுந்தும், வெடிவிபத்திலும் ஏறக்குறைய 200 தொழிலாளர்கள் இறந்தார்கள். கொக்கிப்புழு நோயால் இரத்தம் குன்றிப் போனவர்கள் ஏராளம்.

ஃபாவ்ரும் தப்பவில்லை. 1879-இல் சுரங்கத்துக்குள்ளேயே உயிரிழந்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில், இரண்டு பக்கத்திலிருந்தும் தோண்டி வந்தவர்களுக்கு நடுவே ஒரு சிறு துளை விழுந்தது. அப்போது தொழிலாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு தகரப் பெட்டிக்குள் ஃபாவ்ரின் புகைப்படத்தை வைத்து, அந்தத் துளை வழியே மறுபக்கம் அனுப்பினார்கள். சுரங்கத்தை முதலில் கடக்க வேண்டியவர் அவர்தான் என்பது அவர்கள் எண்ணம்.

ஏறவே வேண்டாம்!

நூறாண்டுகள் ஓடின. ஆல்ப்ஸ் மலையின் சாலைகளில் லாரிகள் பெருகிவிட்டன. ஒரே புகை, ஒரே இரைச்சல். சரக்கையெல்லாம் ரயிலில் ஏற்றிவிட்டால் நல்லது என்று சுவிஸ் மக்கள் நினைத்தார்கள். ஆனால் பழைய பாதையில் கனமான சரக்கு ரயிலை மேலே ஏற்ற இரண்டு, மூன்று எஞ்சின்கள் தேவைப்பட்டன.

அப்போதுதான் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். மலை மேல் ஏறவே வேண்டாம். அடிவாரத்திலேயே நேராகத் துளைத்துக் கொண்டு போய்விடலாம்! 1992-இல் மக்களிடம் ஓட்டெடுப்பு நடத்தி ஒப்புதல் பெற்றார்கள்.

அடிவாரத்தில் மலை அகலமாகத்தானே இருக்கும்? அதனால் சுரங்கத்தின் நீளம் 57 கி.மீ. ஆகிவிட்டது. சென்னை எழும்பூரில் ரயில் ஏறி செங்கல்பட்டு வரை போகும் தூரம்! சில இடங்களில் தலைக்கு மேல் 2,300 மீட்டர் பாறை நிற்கிறது. ஆனால் இந்தப் பாதையின் மிக உயரமான இடமே 549 மீட்டர்தான். ஆயிரம் மீட்டருக்கு 7 மீட்டர் கூட உயராத, கிட்டத்தட்ட தட்டையான பாதை.

பாறை தின்னும் பூதங்கள்

பாதிக்கும் மேற்பட்ட வேலையைச் செய்தவை நான்கு இராட்சதத் துளைக்கும் இயந்திரங்கள். அவற்றுக்குச் செல்லப் பெயர்களும் உண்டு. வடக்கே காபி-1, காபி-2. தெற்கே சிஸ்ஸி, ஹெய்டி!

இயந்திரத்தின் முகம் ஒரு பெரிய வட்டத் தட்டு. விட்டம் 9 மீட்டருக்கும் மேல், அதாவது மூன்று மாடி உயரம். பின்னால் வரும் வால் பகுதியையும் சேர்த்தால் நீளம் 400 மீட்டருக்கு மேல். முகத்தில் சுமார் 60 உருக்குச் சில்லுகள் பதிந்திருக்கும். இவை பாறையை ரம்பம் போல அறுப்பதில்லை. தட்டு சுழலும்போது ஒவ்வொரு சில்லும் பாறையை 25 டன் வரை அழுத்திக் கொண்டு உருளும். ஐந்தாறு யானைகள் ஒரே சில்லின் மேல் ஏறி நிற்பது போல! அழுத்தம் தாங்காமல் பாறை சிதறி, துண்டு துண்டாகப் பெயர்ந்து விழும். பின்னால் ஓடும் பெல்ட் அவற்றை வெளியே கொண்டு போகும்.

சரி, இவ்வளவு கனமான இயந்திரம் முன்னே நகர்வது எப்படி? கிணற்றுக்குள் இறங்குகிறவர் இரண்டு பக்கச் சுவரிலும் கால்களை ஊன்றிக் கொள்வதைப் பார்த்திருக்கிறீர்களா? அது போல இயந்திரமும் இரண்டு பக்கமும் இரும்புக் கைகளை நீட்டிப் பாறையை இறுக அழுத்திக் கொள்ளும். பிறகு முகத்தை முன்னால் தள்ளும். கொஞ்ச தூரம் தோண்டியதும் கைகளை மடக்கி, உடம்பை முன்னே இழுத்துக் கொண்டு, மறுபடியும் ஊன்றும். கம்பளிப்பூச்சி நகர்வது போலத்தான்! பாறை ஒத்துழைத்தால் ஒரே நாளில் 20 மீட்டருக்கு மேல் போய்விடும்.

பாறை ஒத்துழைக்காவிட்டால்? இந்தப் பூதத்துக்குப் பின்னால் போகத் தெரியாது! இயந்திரம் கடந்ததுமே கம்பி வலையும் கான்கிரீட்டும் பூசி வருவதால், பின்னால் குகை குறுகிவிடும். 2005-இல் ஓர் இயந்திரம் உதிரிப் பாறையில் சிக்கி மாதக்கணக்கில் நின்றுவிட்டது. இன்னோர் இடத்தில், சர்க்கரை போல் உதிரும் பாறையும் தண்ணீரும் கலந்து கொட்டிவிடுமோ என்று பயந்தார்கள். முன்கூட்டியே நீண்ட துளைகள் போட்டுச் சோதித்துப் பார்த்தார்கள். சுரங்கம் போகும் ஆழத்தில் பாறை உறுதியாக இருந்தது. அப்பாடா!

பூமிக்குள் ஆழம் கூடக் கூட வெப்பமும் கூடும். பாறையே 45 டிகிரி சுட்டது. குளிர்ந்த நீரையும் காற்றையும் செலுத்தி, வேலை செய்யும் இடத்தை 28 டிகிரி அளவில் வைத்தார்கள். அப்படியும் 9 தொழிலாளர்கள் விபத்துகளில் உயிரிழந்தார்கள். முன்பு இறந்த 200 பேரோடு ஒப்பிட்டால் இது குறைவுதான். ஆனால் அந்த ஒன்பது வீடுகளுக்கு அது குறைவில்லையே!

8 சென்டிமீட்டர்!

2010 அக்டோபர் 15. தெற்கிலிருந்து வந்த சிஸ்ஸி கடைசிப் பாறையை உடைத்தது. இரு பக்கத்திலிருந்தும் தோண்டி வந்த பாதைகள் ஒன்றையொன்று எவ்வளவு விலகியிருந்தன? பக்கவாட்டில் 8 செ.மீ., உயரத்தில் 1 செ.மீ.! வெளிச்சமே இல்லாத மலை வயிற்றுக்குள் இவ்வளவு துல்லியம். துளை வழியே தொழிலாளர்கள் சுரங்கப் பணியாளரின் காவல் தெய்வமான புனித பார்பராவின் சிலையைக் கொண்டு வந்தார்கள்.

2016 ஜூன் 1 அன்று சுரங்கம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் வழக்கமான ரயில்கள் ஓடத் தொடங்கின. உலகின் மிக நீளமான ரயில் சுரங்கம் இதுவே. பயணிகள் ரயில் 20 நிமிடத்தில் மலையைக் கடந்துவிடுகிறது.

அப்படியானால் பழைய பாதையை மூடிவிட்டார்களா? இல்லை! 2023 ஆகஸ்ட் 10 அன்று புதிய சுரங்கத்துக்குள் ஒரு சரக்கு ரயில் தடம் புரண்டது. நல்லவேளையாக யாருக்கும் காயம் இல்லை. ஆனால் தண்டவாளம் பல கிலோமீட்டருக்குச் சிதைந்துவிட்டது. எல்லாம் சரியாக 2024 செப்டம்பர் வரை ஆயிற்று. அந்த நாட்களில் பயணிகள் ரயில்களுக்குக் கை கொடுத்தது, ஃபாவ்ரும் அவருடைய தொழிலாளர்களும் உயிரைக் கொடுத்து உண்டாக்கிய அந்தப் பழைய பாதைதான். 140 ஆண்டுக்குப் பிறகும் வாசன் தேவாலயத்தைச் சுற்றிச் சுற்றி ரயில் ஏறியது!

தெரிந்து கொள்ளுங்கள்

* கோட்ஹார்ட் புதிய சுரங்கத்திலிருந்து வெளியேறிய பாறை 2 கோடியே 82 லட்சம் டன். அதில் ஒரு பகுதியை அரைத்துச் சுரங்கத்துக்கே கான்கிரீட் ஆக்கினார்கள். இன்னொரு பகுதியை ஊரி ஏரியில் கொட்டிக் குட்டித் தீவுகள் அமைத்தார்கள். சில தீவுகள் நீந்துகிறவர்களுக்கு. சில தீவுகள் பறவைகளுக்கு மட்டும்!

* உலகிலேயே மிகச் செங்குத்தான பற்சக்கர ரயில் பாதையும் சுவிட்சர்லாந்தில்தான் இருக்கிறது. பெயர் பிலாட்டஸ். 1889-இல் திறந்தார்கள். அங்கே 100 மீட்டருக்கு 48 மீட்டர் வரை ஏற்றம்!

* சென்னை மெட்ரோ ரயிலுக்குச் சுரங்கம் தோண்டிய இயந்திரங்களுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்றின் பெயர் நீலகிரி. இன்னொன்று ஆனைமலை. மலையைத் துளைக்கும் இயந்திரத்துக்கே மலையின் பெயர்!